துக்கம் கேட்க வந்த மதிப்பீட்டாளர்

கூச்ச சுபாவம் உள்ளவனை நம்பி ஒரு வேலையைக் கொடுத்தால், முடியாது என்று அவன் சொல்லவே மாட்டான். அதே சமயம் அந்த வேலையை உருப்படியாக முடித்தும் தரமாட்டான். இதற்கு உதாரணம் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. குடும்பக் கஷ்டத்தால் நின்றுவிட்டேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். (உண்மையில், ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போக வேண்டும், அங்கே முதல் நாள் எழுந்து நின்று பெயர் சொல்ல வேண்டும் என்று கேள்விப்பட்டேன்.) வளர்ந்த பிறகும் அதிகம் பேசத் தேவையில்லாத தொழிலாகத் தேடிப் பிடித்தேன். கீரனூரில் நாற்காலி, பந்தல், அண்டா, பிணம் வைக்கிற குளிர்பெட்டி எல்லாம் வாடகைக்கு விடுகிறேன். கல்யாண வீட்டில் எல்லோரும் கத்துவார்கள், சாவு வீட்டில் எல்லோரும் அழுவார்கள். இரண்டு இடத்திலும் நாற்காலி போடுகிறவனிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. பேனாவைப் பிடித்தால் மட்டும் எனக்கு வாய் நீளும். காகிதம் நம் மூஞ்சியைப் பார்க்காது அல்லவா?

என் கூச்சத்துக்குப் பொருத்தமான மாமியாரும் எனக்கு வாய்த்தார். மருமகனுக்கு முன்னால் வந்து நின்று பேசுவது மரியாதை இல்லை என்ற பழைய வழக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர். கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் எங்களுக்குள் நேர்ப் பேச்சு கிடையாது. அவர் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கூடத்துத் தூணைப் பார்த்து, "சாப்பிட்டுப் போகச் சொல்றது" என்பார். நான் தொழுவத்துப் பசுவைப் பார்த்து, "இப்பத்தான் சாப்பிட்டது" என்பேன். பசுவை விற்ற பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லாமல் காலம் ஓடியது.

மாமனார் காலமாகும் வரை.

மாமனாருக்கு அறந்தாங்கி போகிற வழியில் ஒரு கிராமம். கடலை வியாபாரம் செய்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு. உயில் எதுவும் எழுதவில்லை. ஆண் பிள்ளைகள் இரண்டு பேர். மூத்த மச்சான் துபாயில் வேலை பார்க்கிறார், அவர் குடும்பம் புதுக்கோட்டையில். சின்னவரும் அங்கேதான், ஓர் அலுவலகத்தில் எழுத்தர். பெண் ஒருத்தி, அவள்தான் என் மனைவி செல்வி.

கருமாதி முடிந்த கையோடு அண்ணன் தம்பி இருவரும் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். ஒரு மதிப்பீட்டாளரைக் கூட்டி வந்து வீட்டுக்கு விலை போடுவது. வீட்டை மூத்தவர் எடுத்துக்கொண்டு மற்றவர்கள் பங்கைப் பணமாகக் கொடுத்துவிடுவது. மூத்தவருக்கு லீவு முடியப் போகிறது, அதற்குள் முடிக்க வேண்டும். விலை குறைந்தால் மூத்தவருக்கு லாபம், கூடினால் இளையவருக்கு லாபம். இந்த ஒரு விஷயம் மட்டும் ஐந்தாம் வகுப்பு அறிவுக்கே விளங்கியது.

மூத்த மச்சான் என் கடைக்கு வந்து, அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளின் உச்சியில் ஏறி உட்கார்ந்தார்.

"மாப்ள, வேல்யூவர் வர்ற அன்னைக்கு நான் அங்க இருந்தா தம்பி சந்தேகப்படுவான். அவன் இருந்தா நான் படுவேன். நீங்கதான் பொது ஆளு. நீங்க கூட்டிட்டுப் போங்க."

"சரிங்க மச்சான்."

"பின்பக்கச் செவுத்துல ஒரு விரிசல் இருக்கு, அதை மறக்காமக் காட்டுங்க. மழை பேஞ்சா ஓடு ஒழுகுறதைச் சொல்லுங்க. நான் காசு அனுப்பிக் கட்டுன ரூமைக் கணக்குல சேக்க வேணாம். மொத்தத்துல பாத்தா, மனுசன் இருக்க முடியாத வீடாத் தெரியணும்."

"சரிங்க மச்சான்."

அவர் தலை மறைந்ததும் சின்னவர் போனில் வந்தார்.

"மச்சான், அண்ணன் என்ன சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லலையே மாப்ள."

"சொல்லிருக்கும், விடுங்க. நெலைக்கதவு பழைய தேக்கு. தட்டிக் காட்டுங்க, சத்தத்துலயே தெரியும். கெணத்துல கோடையிலயும் தண்ணி கெடக்கும்னு சொல்லுங்க. பின்னாடி ஒரு விரிசல் இருக்கு, அதுக்கு முன்னாடி எதையாச்சும் வச்சு மறைச்சிருங்க. வீட்டுல கெடக்குற கட்டில், பீரோ, சேரு, எல்லாத்தையும் ஒண்ணு விடாம எழுதச் சொல்லுங்க."

"சரி மாப்ள."

ஆக, ஒரே விரிசலை ஒருவருக்குக் காட்டுவதாகவும் இன்னொருவருக்கு மறைப்பதாகவும் ஒத்துக்கொண்டேன். இரவு செல்வி வந்தாள். "எங்க அண்ணன் தம்பிக்கு நடுவுல நீங்க தலையைக் குடுக்காதீங்க. ஆனா நம்ம பங்கு கொறையாமப் பாத்துக்கங்க." அதற்கும் சரி என்றேன். (இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

மூவரும் ஒரே குரலில் சொன்ன விஷயம் ஒன்றே ஒன்றுதான்: அம்மாவுக்குத் தெரியக் கூடாது.

அம்மாவை என்ன செய்வதாக உத்தேசம் என்றால், மாதம் ஒரு வீடு. முதல் மாதம் மூத்தவர் வீட்டில், அடுத்தது சின்னவர் வீட்டில், அதற்கடுத்து எங்கள் வீட்டில். அண்டாவையும் நாற்காலியையும் வீடு வீடாக அனுப்பி எடுக்கிற தொழிலில் இருப்பவன் என்பதால், இந்தத் திட்டம் எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. விளங்கியும் சரி என்றுதான் சொன்னேன்.

அத்தையை எங்காவது அனுப்பிவிட்டு விலை போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. புருஷனை இழந்தவர் சில மாதம் வாசல் தாண்டக் கூடாது என்பது அங்கே வழக்கம். சின்னவர்தான் யோசனை சொன்னார். "அப்பாவோட பழைய சிநேகிதரு, துக்கம் கேக்க வந்திருக்காருன்னு சொல்லிருங்க மச்சான். அம்மா ஒங்ககிட்ட எதுவும் கேக்காது, நீங்களும் ஒளற மாட்டீங்க. அதுக்குத்தான் ஒங்களை அனுப்புறதே."

"வர்றவருக்கு இதை யாரு சொல்றது?"

"நீங்கதான். போற வழியில சொல்லிருங்க."

"சரி மாப்ள."

அந்த நாளும் வந்தது. காலையில் கீரனூர் பக்கம் ஒரு வீட்டிலிருந்து குளிர்பெட்டியைத் திரும்ப எடுத்து என் குட்டியானையில் ஏற்றினேன். (குட்டியானை என்றால் சின்ன லோடு வண்டி.) கடையில் இறக்க நேரமில்லை. அப்படியே புதுக்கோட்டைக்கு விட்டேன். பேருந்து நிலையத்துக்கு வெளியே மதிப்பீட்டாளர் நின்றுகொண்டிருந்தார். ஓய்வுபெற்ற இன்ஜினியர். ஒல்லியான உடம்பு, முழுக்கைச் சட்டை, தோளில் பை. பொய் என்றால் என்ன என்றே கேள்விப்படாத முகம்.

வண்டி கிளம்பியது.

"சார்..." என்றேன்.

"சொல்லுங்க."

"வெயில் ஜாஸ்தியா இருக்கு சார்."

"ஆமா."

கொஞ்ச தூரம் போனோம். மறுபடி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "சார், அங்க போனதும் நீங்க..." என்றேன்.

"நான்?"

"தண்ணி குடிக்கிறீங்களா சார்?"

கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தவர், "அது என்னங்க பெட்டி?" என்றார்.

"குளிர்பெட்டிங்க."

"காலியா?"

"காலிதாங்க."

அவர் கதவோரமாக ஒதுங்கி உட்கார்ந்துகொண்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே ஊர் வந்து சேர்ந்துவிட்டது.

மாமனார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். பக்கத்து வீட்டுக் காளியம்மாக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். பார்த்தது என்னை அல்ல, குளிர்பெட்டியை. ஏற்கெனவே ஒரு சாவு விழுந்த வீடு. வாசலில் மறுபடி குளிர்பெட்டி. உள்ளே வயதான ஒரு ஜீவன்தான் மிச்சம். கூட்டிக் கழித்துப் பார்க்க அவருக்கு நேரமே ஆகவில்லை.

"அய்யய்யோ! எங்கக்காவும் போயிட்டாளே!" என்று தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். அந்தத் தெருவில் ஒரு குரல் எழுந்தால் மற்றக் குரல்கள் காரணம் கேட்பதில்லை. கை வேலையைப் போட்டுவிட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். மாரில் அடித்துக்கொண்டு எல்லோரும் கூடத்துக்குள் நுழைந்தபோது, உள்ளேயிருந்து அத்தை, கொட்டை எடுத்துக்கொண்டிருந்த புளியும் கையுமாக வெளியே வந்தார்.

"எவடி செத்தது?"

"நீதாங்க்கா," என்றார் காளியம்மாக்கா, அழுகையை நிறுத்த முடியாமல்.

அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. கூடத்தில் சத்தம் நின்றது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது என் கல்யாணத்தில்தான். அன்றைக்காவது மாலையில் முகத்தை மறைத்துக்கொள்ள முடிந்தது. அத்தை வழக்கம்போல் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"மாமாவோட சிநேகிதரு. துக்கம் கேக்க வந்திருக்காக."

எழுப்பிய ஒப்பாரியைப் பாதியில் விடுவது நல்லதல்ல என்று நினைத்தார்களோ என்னவோ, அத்தனை பேரும் சாரைச் சுற்றி உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுவில் நின்றார்.

"என்னங்க இது? இடத்தைப் பாக்கணும்னுதானே சொன்னாங்க? இன்னைக்கா இறந்தாரு?" என்று என் காதில் கேட்டார்.

"அழுது முடிக்கட்டும் சார்."

கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் தூணுக்கு வந்தது. "இவுகளுக்கும் அவுகளுக்கும் எந்த ஊர்ல பழக்கம்னு கேக்கச் சொல்றது."

"நான் அவரைப் பாத்ததே இல்லைங்களே," என்றார் சார் வெள்ளந்தியாக.

"கடைசியா ஒரு தரம் பாக்க முடியாமப் போச்சேன்னு வருத்தப்படுறாக," என்று கடிகாரத்திடம் சொன்னேன். (கூச்சக்காரனுக்குப் பொய் வராது என்று யார் சொன்னது? நேராக முகத்தைப் பார்க்காமல் சொல்வதென்றால் எவ்வளவு வேண்டுமானாலும் வரும்.)

பெண்கள் புதிதாக ஒரு மூச்சு அழுதார்கள். சார் வேலையில் கண்ணானவர். இது ஆகிற கதையல்ல என்று பையைத் திறந்து டேப்பை எடுத்து, ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு எதிர்ச் சுவருக்குப் போனார். டேப் பெண்களுக்கு நடுவே போயிற்று. அழுகை நிற்காமலே ஒவ்வொருவரும் காலைத் தூக்கி அதற்கு வழி விட்டார்கள்.

"இவுக என்னத்தை அளக்குறாக?" காளியம்மாக்கா கேட்டார்.

"மாமாவுக்குப் பெரிய படமா ஒண்ணு செஞ்சு மாட்டணுமாம். அதுக்குச் செவுத்தை அளக்குறாக."

"அடேயப்பா, இப்படியும் ஒரு சிநேகிதமா!" என்று அதற்கும் ஒரு மூச்சு அழுதார்கள்.

பின்பக்கம் போனோம். விரிசலை விரலால் காட்டினேன். உடனே சின்னவர் ஞாபகம் வந்து அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். பிறகு மூத்தவர் ஞாபகம் வந்து விலகினேன். "ஒண்ணு காட்டுங்க, இல்லைன்னா மறைங்க," என்றார் சார். நிலைக்கதவைத் தட்டிக் காட்டினேன். உள்ளேயிருந்து யாரோ, "வாரேன், வாரேன்," என்றார்கள். தொழுவத்தை அளக்கும்போது, "இங்கிட்டுமா படம் மாட்டப் போறாக?" என்று காளியம்மாக்காவின் குரல் கேட்டது. அளக்கிற இடத்தையெல்லாம் சார் தன் போனில் படம் பிடித்துக்கொண்டே வந்தார்.

சாமான்களையும் எழுதச் சொன்னேன். கட்டில், பீரோ, உரல் என்று எழுதிக்கொண்டே வந்தவர் நாற்காலிகளிடம் வந்தார். அவை என் கடை நாற்காலிகள். சாவுக்குக் கொண்டுவந்து போட்டவை. முதுகில் மஞ்சள் பெயிண்டில் என் கடைப் பெயர் இருந்தது. ஆனாலும் துக்க வீட்டில் 'இது என்னுது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இறந்தவரின் சொத்தாக என் நாற்காலிகளும் ஏறின. (அண்டாவும்.)

மறுபடி கூடத்துக்கு வந்தோம். நீளம் பாக்கி. சேதி பரவி, இப்போது கால் வைக்க இடமில்லாத கூட்டம். டேப் போகாது. சார் பையிலிருந்து கையடக்கமான ஒரு கருவியை எடுத்தார். அதில் பொத்தானை அமுக்கினால் எதிர்ச் சுவரில் சிவப்பாக ஒரு வெளிச்சப் புள்ளி விழும், தூரத்தை அதுவே சொல்லிவிடும் என்று அப்புறம் விளக்கினார். அமுக்கினார். எதிர்ச் சுவரில் மாலை போட்ட மாமனார் படம். புள்ளி அவர் வேட்டியில் விழுந்து, சட்டையில் ஏறி, சரியாக நெற்றி நடுவில் போய் நின்றது. சார் அதையும் போனில் ஒரு படம் எடுத்தார்.

"ஆத்தாடி! அண்ணன் நெத்தியில பொட்டு!"

அலறிய காளியம்மாக்காவின் உடம்பு ஆடத் தொடங்கியது. கண் மேலே செருகியது. மாமனார் இறங்கிவிட்டார் என்று பெண்கள் கைகூப்பினார்கள்.

"மாப்ளேய்!" என்றது காளியம்மாக்காவின் தொண்டையிலிருந்து ஆண் குரல்.

உயிரோடு இருந்தபோதே மாமனாரிடம் நான் அதிகம் பேசியதில்லை.

"சொல்லுங்கய்யா," என்று மற்றவர்கள் எனக்காகப் பதில் சொன்னார்கள்.

"எனக்கு ஒரு கொறை இருக்குடா... வேலியோரத் தென்னமரம் இருக்கே... அது நம்ம காளியம்மாளுக்குன்னு மனசுல நெனச்சிருந்தேன்டா... வாயத் தொறந்து சொல்லாமப் போயிட்டேனேடா..."

சார் பேனாவை எடுத்தார். சொத்து சம்பந்தமான தகவல் எந்த வாயிலிருந்து வந்தாலும் குறித்துக்கொள்வது அவர் வழக்கம் போலிருக்கிறது. "மரம் எல்லைக்கு உள்ள இருக்கா, வெளிய இருக்கா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"உள்ளதான்..." என்றது அருள், ஆடிக்கொண்டே. "ஆனா காயெல்லாம் காளியம்மா வீட்டுப் பக்கந்தான் விழுகுது..."

கதவு மறைவிலிருந்து அத்தை வெளியே வந்தார்.

"எந்திரிடி காளி. உசுரோட இருந்தப்ப ஒரு மட்டையக் குடுக்காத மனுசன், செத்த பெறகு மரத்தையே தூக்கிக் குடுப்பாராக்கும்?"

அருள் இறங்கித் தண்ணீர் கேட்டது.

அத்தை அதோடு நிற்கவில்லை. புளிக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நடந்து வந்து, எனக்கு எதிரே நின்றார்.

"மாப்ள."

நான் தூணைப் பார்த்தேன்.

"தூணைப் பாக்காதீங்க. கெடிகாரமும் வேணாம். என்னையப் பாத்துச் சொல்லுங்க. இவுக யாரு?"

பார்த்தேன். இருபது வருடத்துக்கு மேல் அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அவருக்கு இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் இருப்பது அன்றுதான் தெரியும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல என்னால் ஆகவில்லை.

"வீட்டுக்கு வெலை போட வந்தவுக, அத்தை."

என் மாமியாரிடம் நான் நேருக்கு நேர் பேசிய முதல் வாக்கியம் இதுதான். கல்யாணத்தன்று பேசியிருந்தால் இதைவிட நல்லதாக ஏதாவது சொல்லியிருப்பேன்.

"யாரு வரச் சொன்னது?"

"எல்லாருந்தாங்க."

"செல்வியுமா?"

"ம். நானும்."

"அப்ப நான் எங்க இருக்குறதாம்?"

"மாசம் ஒரு வீடுங்க."

அவர் அழவில்லை. அழ வந்திருந்தவர்களும் அழவில்லை. என் கடை நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்கேயாவது போய் என் குளிர்பெட்டிக்குள்ளேயே படுத்துக்கொள்ளலாம் போல் இருந்தது எனக்கு.

சார்தான் முதலில் வாய் திறந்தார். அவருக்குக் கோபம் வந்திருந்தது. "ஏங்க, இவுகதான் இறந்தவரோட மனைவியா? இவுகளுக்குத் தெரியாமலா என்னைக் கூட்டிட்டு வந்தீங்க? பிள்ளைங்க மூணு பேரு, இவுக ஒருத்தர். நாலுல ஒரு பங்கு இவுகளுது. இவுக கையெழுத்து இல்லாமப் பாகப்பிரிவினை எப்படிங்க நடக்கும்?"

இதில் பாருங்கள், ஒரு மச்சான் பட்டதாரி, இன்னொருவர் வெளிநாடு பார்த்தவர். எந்தப் பாதையில் போனாலும் கடைசியில் யாரிடம் போய் நிற்க வேண்டுமோ, அவருக்குத் தெரியாமல் முடிப்பதற்குத்தான் இத்தனை ஏற்பாடு.

"நாலுல ஒண்ணு எனக்கா?" என்றார் அத்தை.

"சட்டப்படி ஆமாம்மா."

"எது என் பங்குன்னு நான் சொல்லலாமா?"

"சொல்லலாம். மத்தவுக ஒத்துக்கணும். அதே மாதிரி நீங்க ஒத்துக்காம அவுகளாலயும் பிரிக்க முடியாது."

அத்தை கொஞ்ச நேரம் மாமனார் படத்தைப் பார்த்தார். பிறகு எழுந்தார். "வாங்க. வெலை போடுறதுன்னா ஒழுங்காப் போட வேணாமா? மாப்ள பாதியைக் காட்டி மீதியை மறைக்கிறாக." விரிசலை அவரே காட்டினார். எந்த ஓடு ஒழுகும், எந்த ஜன்னல் சாத்தாது என்று எல்லாம் சொன்னார். கிணற்று மூடியைத் தூக்கிக் காட்டினார். அவருக்குப் பின்னால் சார், சாருக்குப் பின்னால் டேப் முனையைப் பிடித்துக்கொண்டு நான், எனக்குப் பின்னால் துக்கத்துக்கு வந்த தெரு முழுவதும் ஊர்வலமாகப் போனோம்.

நடுவில் என் போன் அடித்தது. மூத்தவர். எடுப்பதற்குள் அத்தை கையை நீட்டினார். கொடுத்தேன்.

"ஆமாப்பா, அம்மாதான். வெலை போட்டுக்கிட்டு இருக்கோம். விரிசலைக் காட்டியாச்சு, கவலைப்படாத. நீ எங்க இருக்க?... புதுக்கோட்டையிலயா? சரி, தம்பியையும் கூட்டிட்டு வா."

புதுக்கோட்டையில் இருப்பதாகச் சொன்னவர் ஒரு டீ ஆறுவதற்குள் வந்து நின்றார். ஊர் எல்லை டீக்கடையிலிருந்து உளவு பார்த்திருக்கிறார். ஆபீசில் இருப்பதாகச் சொன்ன சின்னவர் ரேஷன் கடைப் பக்கமிருந்து வந்தார். ஒருவரையொருவர் பார்த்து இருவரும் திகைத்தார்கள்.

சார் ஒரு உத்தேச விலையைச் சொன்னார். ஒரே தொகைதான். "அநியாயத்துக்கு ஜாஸ்தி!" என்றார் மூத்தவர். "அநியாயத்துக்குக் கம்மி!" என்றார் சின்னவர். இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்து முறைத்தார்கள். அந்த ஒரு நிமிஷம் அவர்களுக்குள் நல்ல ஒற்றுமை இருந்தது.

"வெலை கெடக்கட்டும்," என்றார் அத்தை. "எம் பங்கை நான் எடுத்துக்கிறேன். வாசக்கதவு, இந்தக் கூடம், அடுப்படி. அது போதும் எனக்கு. பின்னாடி ரூமு பெரியவனுக்கு. தொழுவம் சின்னவனுக்கு. கெணறு செல்விக்கு."

"அப்ப நாங்க எந்த வழியாம்மா போறது வாறது?"

"எங்கிட்டக் கேட்டுட்டுப் போங்க."

மூத்தவர் சாரைப் பார்த்தார். "சார், இந்த மாதிரிப் பிரிச்சா வேல்யூ என்ன ஆகும்?"

"சொந்தமா வழி இல்லாத பங்குன்னா மதிப்பு ரொம்ப அடிபடுங்க."

"எவ்வளவு அடிபடும்?"

"வாங்கவே ஆள் வரமாட்டாங்க."

விலை குறைய வேண்டும் என்று ஆசைப்பட்டவர், அது அவ்வளவு குறைந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சின்னவர் தொழுவத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம், அம்மா இருக்கிறவரை இப்படியே இருக்கட்டும் என்று முதலில் யார் சொன்னது என்பதில் இன்றும் அண்ணன் தம்பிக்குள் தகராறு. இருவருமே தான்தான் என்கிறார்கள்.

சார் கிளம்பும்போது, "போயிட்டு வாரேம்மா," என்றார். துக்க வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. பெண்கள் வாயில் கை வைத்தார்கள்.

"அவுக சொல்லலாம்டி," என்றார் அத்தை. "துக்கத்துக்கா வந்தாக?"

வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். குளிர்பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

அத்தை இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார், வாசல் கதவுக்கு நேராக என் நாற்காலியைப் போட்டுக்கொண்டு. யார் உள்ளே வந்தாலும் அவரைத் தாண்டித்தான் வர வேண்டும். நாற்காலியைத் திரும்பக் கேட்கலாம்தான். ஆனால் அது மாமனார் சொத்து என்று மதிப்பீட்டு அறிக்கையில் பதிவாகிவிட்டதே. அதைவிடப் பெரிய நஷ்டம் வேறொன்று. அன்றைக்குத் திறந்த பேச்சை அத்தை அப்புறம் மூடவே இல்லை. இருபது வருடப் பாக்கியையும் சேர்த்து என் முகத்தைப் பார்த்தே பேசித் தீர்க்கிறார். சின்னவர் கல்யாணத்தில் நான் அண்டாவுக்கு வாடகை வாங்கியது வரை ஒன்றும் விடவில்லை.

தலைத்திவசத்துக்கு யாரும் அழைக்காமலே சார் வந்தார். அக்குளில் காகிதம் சுற்றிய பெரிய சட்டம். அன்றைக்குச் சுவரை அளந்தது எதற்கு என்று பெண்களிடம் நான் விட்ட கதை அவர் காதிலும் விழுந்திருக்கிறது. சொன்ன வார்த்தை பொய்யாகிவிடக் கூடாது என்று, அன்று தன் போனில் எடுத்த படத்திலிருந்தே மாமனாரைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். மாட்டிப் பார்த்தோம். சுவருக்கு அளவு எடுத்த மாதிரிப் பொருந்தியது. எடுத்ததுதானே.

ஒரே ஒரு விஷயத்தை அவர் கவனிக்கவில்லை. மாமனார் நெற்றி நடுவில் அந்தச் சிவப்புப் புள்ளியும் பெரிதாகியிருந்தது.

காளியம்மாக்கா அந்தப் படத்துக்கு வெள்ளிக்கிழமைதோறும் சூடம் காட்டுகிறார். காட்டி முடித்ததும் ஒரு கண்ணால் தென்னை மரத்தைப் பார்க்கிறார். அந்த வீட்டுக்கு நான் புது ஆள் யாரைக் கூட்டிப் போனாலும், பந்தல்காரப் பையனோ, என் சம்பந்தியோ, அத்தை நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் கேட்பார்:

"மாப்ள, இவுக அழ வந்தவுகளா, அளக்க வந்தவுகளா?"

கூடத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். நான் தலை நிமிர்ந்து சுவரைப் பார்ப்பேன். கடிகாரம் இருந்த இடத்தில் இப்போது பொட்டு வைத்த மாமனார் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.